ரப்பர் விளைக்குள் ஜிபிஎஸ் பெல்ட்: பெட்டியில் போட்ட தூரமும் நாய் போன தூரமும்

என் இரண்டு நாய்களும் வேட்டை இனம்தான். பொன்னி சிப்பிப்பாறை, குட்டன் ராஜபாளையம் கலப்பு. ஆனால் நான் வேட்டைக்குப் போகிற ஆள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாய்க்கு ஜிபிஎஸ் வாங்கினேன் என்றதும் டீக்கடையில் இரண்டு பேர் ஒரு மாதிரியாகச் சிரித்தார்கள். 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கும்போது பன்றிக்கும் மிளாவுக்கும் பின்னால் நாயை ஏவிவிட்டால் வழக்குதான், அதில் எனக்கு ஆசையும் இல்லை. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகிற பாதையில் இறங்கி உள்ளே போனால் எங்கள் விளை, அதாவது தோட்டம். சின்ன ரப்பர், ஊடே மரச்சீனியும் (மரவள்ளி) அன்னாசியும். மரச்சீனி இருக்கிற இடத்துக்குக் காட்டுப்பன்றி வராமல் இருக்காது, பன்றி வாடை அடித்தால் இந்த இன நாய் வேலிக்குள் நிற்காது. ரத்தத்திலேயே இருக்கிற குணம், அடித்துத் திருத்த முடியாது.

போன ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி பொன்னி அப்படிப் போனவள்தான், மூன்றாம் நாள் ஓடைக்கு அந்தப் பக்கம் யாரோ கைவிட்ட பழைய கம்பி வேலியில் கால் மாட்டிக் கிடந்தாள். பால் வெட்டப் போன ஆள் முனகல் சத்தம் கேட்டுப் பார்த்ததால் பிழைத்தாள். கிடந்த இடம் எங்கள் வீட்டிலிருந்து நேராக அளந்தால் ஒன்றரை கிலோமீட்டர் கூட இருக்காது. மலைக்கு அந்தப் பக்கம் மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜின் ஓட்டிப் பார்க்கிறார்கள், இந்தப் பக்கம் எனக்கு ஒரு நாய் எங்கே கிடக்கிறது என்று தெரியவில்லை.

சரி என்று கார்த்திகையில் ஆன்லைனில் ஒரு ஜிபிஎஸ் பெல்ட் வாங்கினேன், சிம் போடுகிற சின்னப் பெட்டி கோத்தது. 3,800 ரூபாய். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. அதே பெட்டி, அதே பட்டன், அதே ஆப், நாலைந்து பெயர்களில் விற்கிறது, ஒரு பெயரை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அட்டையில் "தூர வரம்பு இல்லை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பொய் என்றும் சொல்ல முடியாது. டவர் இருக்கிற இடமெல்லாம் வேலை செய்யும், டவர் இல்லாத இடத்தில் பத்தடிக்கும் வேலை செய்யாது, அவ்வளவுதான் அதன் அர்த்தம்.

முதல் வாரம் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். குட்டன் என் காலடியில் படுத்துக் கிடக்கிறான், ஆப் அவனைப் பக்கத்து விளைக் கிணற்றுக்குள் காட்டுகிறது. அரை மணி நேரம் கழித்துச் சானலுக்கு (கால்வாய்க்கு) நடுவில் நிற்கிறான். அப்புறம் ஒரு மணி நேரம் எங்கேயும் இல்லை. திருப்பி அனுப்பிவிடலாம் என்று அட்டைப்பெட்டியை மடக்கிக்கொண்டிருந்தபோது அக்கா மகன் வந்தான், அவன் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறான். பெல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மாமா, இதுல ரெண்டு சிக்னல் உண்டும். எது கெட்டதுன்னு பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒன்று, மேலே 20,000 கிலோமீட்டருக்கும் அதிக உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்களிடமிருந்து பெட்டிக்கு வருவது. அது வரவு மட்டும், பெட்டி திருப்பி ஒன்றும் அனுப்புவதில்லை. குறைந்தது நாலு கோள்கள் தெளிவாகக் கேட்டால்தான் இடம் சரியாக வரும். இன்னொன்று, கிடைத்த இடத்தைப் பெட்டி நம் போனுக்குச் சொல்லி அனுப்புவது, அது சிம் வழியாகவோ ரேடியோ வழியாகவோ போகும். நாய் கிணற்றுக்குள் தெரிந்தால் முதலாவது கோளாறு. நாய் தெரியவே இல்லையென்றால் பெரும்பாலும் இரண்டாவது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

முதல் கோளாறுக்கு நாங்கள் செய்தது மூன்றே காரியம், மூன்றுக்கும் சேர்த்துச் செலவு நூறு ரூபாய்க்குள்.

பெட்டி கனமாக இருப்பதால் நாய் ஓடும்போது சுற்றிக்கொண்டு தொண்டைக்குக் கீழே தொங்கிவிடுகிறது. உள்ளே இருக்கிற ஜிபிஎஸ் ஆன்டெனா ஒரு சின்னப் பீங்கான் சில்லு, அது வானத்தைப் பார்த்துப் படுத்திருக்க வேண்டும். தொண்டைக்குக் கீழே போனால் அது மண்ணைப் பார்க்கும், மேலே நாயின் கழுத்தும் தலையும் மூடிக்கொள்ளும். உடம்பு என்பது பாதிக்கு மேல் தண்ணீர்தானே, அந்த மெல்லிய சிக்னலை அப்படியே குடித்துவிடும். அதனால் பெட்டியைப் பிடரிக்கு மேலே வைத்து, நேர் எதிரே தொண்டைப் பக்கம் கனத்துக்கு ஈயக் குண்டு வைத்துத் தைத்தோம், வலைக்குக் கட்டுகிற குண்டுதான், குளச்சலில் கிடைக்கும். தோலில் படாமல் தடித்த துணிக்குள் வைத்துத் தைக்க வேண்டும். இது ஒன்றிலேயே பாதிக் கிணறு மறைந்துபோனது.

பொன்னிக்கு வேறு தொல்லை. சிப்பிப்பாறைக்குத் தலை ஒடுக்கம், கழுத்து அகலம், சாதாரண பெல்ட்டைப் பின்வாங்கி உருவிவிட்டு நிற்பாள். இழுத்தால் கொஞ்சம் இறுகுகிற மாதிரி இரட்டை வளையம் வைத்த பெல்ட் வாங்கிப் பெட்டியை அதில் மாற்றினோம். மார்பையும் சுற்றிக் கட்டுகிற ஹார்னஸ் முதுகில் நன்றாக நிற்கும், சிக்னலுக்கு அதுதான் ராஜா, ஆனால் முள்ளுக்குள்ளும் கம்பிக்குள்ளும் நுழைகிற நாய்க்கு அதைப் போட எனக்குப் பயம், ஒரு தடவை கால் மாட்டியது போதும். பெல்ட்டில் இருந்த அலங்கார ஆணிகளையும் கழற்றிவிட்டேன், ஆன்டெனாவை ஒட்டி இரும்பு இருப்பது நல்லதில்லை.

மூன்றாவது காரியம் பொறுமை. முன்பெல்லாம் பெட்டியை ஆன் செய்த கையோடு நாயை அவிழ்த்துவிடுவேன். கோள் ஒவ்வொன்றும் தான் எங்கே இருக்கிறேன் என்கிற விவரத்தை 30 நொடிக்கு ஒரு தரம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதைப் பெட்டி இடையில் அறுபடாமல் கேட்டு முடிக்க வேண்டும். மரத்தடியில் ஓடுகிற நாயின் கழுத்தில் அது பாதியில் அறுந்து அறுந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இப்போது முற்றத்தில், வானம் தெரிகிற இடத்தில் ஐந்து நிமிடம் வைத்து, வரைபடத்தில் எங்கள் வீட்டுக் கூரைமேல் புள்ளி விழுந்த பிறகுதான் கட்டவிழ்ப்பது.

இதில் ஒன்று தற்செயலாகத் தெரிந்தது. கார்த்திகையில் மழை நனைந்த இலைக்கூட்டத்துக்கு அடியில் புள்ளி முப்பது நாற்பது மீட்டர் தள்ளித் தள்ளிக் குதித்தது. தை, மாசியில் ரப்பர் இலை உதிர்த்து மொட்டையாக நின்றபோது பத்து மீட்டருக்குள் வந்துவிட்டது. பெட்டியில் நான் ஒன்றும் புதிதாக மாற்றவில்லை. பங்குனியில் தளிர் வந்து மூடியதும் மறுபடி கொஞ்சம் ஆட்டம். ஆகவே ரப்பர் விளைக்காரர்கள் யாராவது தை மாதம் வாங்கிப் பார்த்து "பிரமாதம்" என்றால் ஆடி மாதமும் ஒரு தடவை கேளுங்கள்.

இனி சிம். இங்கேதான் பணம் போகிறது. நான் வாங்கியது 2ஜி பெட்டி. வாங்கும்போது அது எனக்குத் தெரியாது, அட்டையில் எங்கேயோ ஒரு மூலையில் இருந்தது. வீட்டில் சும்மா கிடந்த ஜியோ சிம்மைப் போட்டு ஒரு நாள் முழுவதும் மன்றாடினேன். ஜியோவுக்கு 2ஜியே கிடையாது, தொடங்கிய நாளிலிருந்தே 4ஜிதான், அது எந்தக் காலத்திலும் இந்தப் பெட்டியில் எடுக்காது. 2ஜி இருக்கிற வேறு சிம் போட்டதும் உயிர் வந்தது. நாளைக்கே வாங்குகிறவர்கள் 4ஜி பெட்டியாகப் பாருங்கள், அதிலும் எந்தெந்த பேண்ட் எடுக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 850, 900, 700 மெகாஹெர்ட்ஸ் மாதிரி தாழ்ந்த அலைவரிசைகள்தான் இலைக்குள்ளும் மேட்டைச் சுற்றியும் கொஞ்சமாவது வளைந்து வரும். 2300 எல்லாம் டவுனில் வேகத்துக்கு நல்லது, நம் ஓடைக்குள் இறங்காது. எந்தக் கம்பெனி சிம் என்பதை யாரிடமும் கேட்காதீர்கள், உங்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு நாய் போகக்கூடிய பள்ளத்துக்கு நீங்களே இறங்கிப் பாருங்கள். எங்கள் வீட்டு வாசலில் முழு சிக்னல் கம்பி காட்டுகிற சிம், நூற்றைம்பது மீட்டர் கீழே ஓடையில் பூஜ்யம். அதே ஓடையில் வீட்டில் இழுத்து இழுத்துப் பேசுகிற சிம் இரண்டு கம்பி காட்டியது, ஏனென்றால் அதன் டவர் பள்ளத்துக்கு நேரே வாய்க்கிற மேட்டில் நிற்கிறது.

டேட்டா போகாத இடத்தில் எஸ்எம்எஸ் போகும், இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. பெட்டியில் இருக்கிற சிம் நம்பருக்கு ஒரு குறிப்பிட்ட சொல்லை எஸ்எம்எஸ் அனுப்பினால், அது கொஞ்சம் கம்பி கிடைத்த நொடியில் இடத்தை மேப் லிங்காகத் திருப்பி அனுப்பும். அந்தச் சொல் பெட்டியோடு வருகிற துண்டுத்தாளில் இருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அப்புறம், சிக்னல் இல்லாத நேரத்துப் புள்ளிகளைச் சேர்த்து வைத்துப் பிறகு அனுப்புகிற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். என் பெட்டியில் இருந்தது. நாய் வீட்டுக்கு வந்த பிறகு அது எங்கெல்லாம் போனது என்று படம் வரும், தேடுவதற்கு உதவாது, ஆனால் எந்த வேலி இடுக்கு வழியாகப் போகிறது என்று கண்டுபிடித்து அடைக்க அதுதான் உதவியது.

பேட்டரி ஏழு நாள் என்று போட்டிருந்தது, எனக்கு ஒன்றரை நாள். பெட்டி பொய்யில்லை, இடம் அப்படி. டவர் தூரமாகப் போகப் போகப் பெட்டி கத்திப் பேச வேண்டும், 900 மெகாஹெர்ட்ஸ் 2ஜியில் உச்சத்துக்கு 2 வாட் வரை கத்தும். மார்த்தாண்டத்தில் இருப்பவருக்கு நாலு நாள் வருகிற அதே பெட்டி இங்கே மறுநாளே கிடையில் விழும்.

மார்த்தாண்டம் என்றதும் ஞாபகம் வருகிறது, அங்கே ஒரு மொபைல் ரிப்பேர் கடையில் இந்தப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த சுருள் கம்பி ஆன்டெனாவை எடுத்துவிட்டு நீளமான பட்டை ஆன்டெனா ஒன்று வைத்துத் தந்தார்கள், 250 ரூபாய். ஓடையில் பூஜ்யமாக இருந்தது ஒரு கம்பி ஆனது உண்மை. ஆனால் திறந்த பெட்டியை மூடும்போது ரப்பர் வளையத்தைச் சரியாக உட்கார வைக்கவில்லை. ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்கிற ஐபி67 பெட்டி, குட்டன் சானலில் ஒரே ஒரு முக்கு முக்கியதும் செத்துவிட்டது. கடைக்காரரிடம் போனால், "அண்ணா, நாய் குளிக்கும்னு நீங்க சொல்லலியே" என்றார். நியாயம்தானே, நான் சொல்லவில்லை. அரிசிக்குள் போட்டு வைத்ததில் ஒன்றும் நடக்கவில்லை, போர்டையே மாற்றினார்கள், அதற்கு 900 ரூபாய். இந்த முறை மூடிய பிறகு ஓரத்தைச் சுற்றி நானே சிலிகான் தடவினேன். வேலை தெரிந்த கைதான், மூடுவதில் மட்டும் அவசரம், ஐந்துக்கு மூன்று தரலாம்.

இவ்வளவு செய்தும் ஓடைக்கு அந்தப் பக்கம் டவரே இல்லாத மூலையில் சிம் பெட்டி வெறும் கழுத்துப் பாரம்தான். அதற்கு ரேடியோ வேண்டும். அமெரிக்காவில் வேட்டை நாய்க்காரர்கள் கட்டுகிற கார்மின் ஆல்ஃபா அப்படிப்பட்டதுதான். நாய் கழுத்திலிருந்து நேராகக் கையில் இருக்கிற கருவிக்கே பேசும், சிம்மும் வேண்டாம் டவரும் வேண்டாம், 9 மைல் வரை, அதாவது 14 கிலோமீட்டருக்கு மேல் என்று விளம்பரம். துபாயில் இருக்கிற மச்சினன் வாங்கி வரட்டுமா என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். அது பேசுகிற 150 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைவரிசை அமெரிக்காவில் உரிமம் இல்லாமல் விடப்பட்டது, இங்கே அப்படி இல்லை, உரிமம் வேண்டும். விமான நிலையத்தில் பிடித்தால் நாய்க்கு வாங்கினேன் என்று சொல்லி நிற்க முடியாது.

அந்த 9 மைலும் கண்ணுக்குக் கண் நேராகத் தெரிகிற இடத்துக்குத்தான். மருமகன் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். நாயின் கழுத்து தரையிலிருந்து அரை மீட்டர், என் கை ஒன்றரை மீட்டர். நடுவில் மரம், மேடு ஒன்றுமே இல்லாமல் பூமியின் வளைவு மட்டுமே தடை என்று வைத்தாலும் சுமார் 8 கிலோமீட்டரில் ரேடியோவின் பார்வைக்கோடு முடிந்துவிடும். அதே நான் 25 மீட்டர் உயரப் பாறையில் ஏறி நின்றால் சுமார் 24 கிலோமீட்டர். கருவியை மாற்றவில்லை, பேட்டரியை மாற்றவில்லை, ஏறினது மட்டும்தான்.

இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை, குறிப்பிட்ட சக்திக்குள், உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். அந்த அலைவரிசையில் லோரா என்றொரு முறை இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக, மெதுவாகத் தகவல் அனுப்பும், அதனாலேயே தூரம் போகும். லோரா கருவிகளை ஒன்றோடொன்று பேசவைக்க மெஷ்டாஸ்டிக் என்று இலவச மென்பொருள் உண்டு, அதில் இந்தியாவுக்கென்றே அலைவரிசைத் தேர்வு இருக்கிறது. ஜிபிஎஸ் சேர்ந்த போர்டு ஒன்று நாலாயிரம் ரூபாய் பக்கம். இரண்டு வாங்கினோம். ஒன்று சோப்பு டப்பாவுக்குள் போய்ப் பொன்னியின் பிடரியில், ஒன்று என் போனோடு ப்ளூடூத்தில்.

முதலில் தேரூர் பக்கம் வயல்வெளிச் சாலையில் சோதித்தோம். நாயைக் கொண்டுபோகவில்லை, அங்கே பறவைகள் வருகிற குளம் இருக்கிறது. மருமகன் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போனான், நான் நின்ற இடத்தில் நின்றேன். நாலு கிலோமீட்டர் தாண்டியும் புள்ளி வந்துகொண்டே இருந்தது, அவனுக்குத்தான் மூச்சு வாங்கித் திரும்பினான். சந்தோஷமாக விளைக்கு வந்து பொன்னியை விட்டால் 700 மீட்டரில் காணோம்.

கருவியை இடுப்பளவில் பிடித்துக்கொண்டு நாய் போன பக்கம் முதுகைக் காட்டி நின்றிருக்கிறேன். என் உடம்பே சுவர். தலைக்கு மேலே தூக்கி, ஆன்டெனாவைச் செங்குத்தாகப் பிடித்ததும் மறுபடி வந்தது. ஆன்டெனா இரண்டும் ஒரே வாக்கில் நிற்க வேண்டும், நாயிடம் நட்டக்குத்தலாகவும் நம் கையில் படுக்கையாகவும் இருந்தால் சிக்னலில் பெரும்பகுதி வீண். நாய்க்கு உறுத்துகிறது என்று கம்பி ஆன்டெனாவைப் பெல்ட்டோடு சேர்த்து மடக்கித் தைப்பதும், நுனி பிரிந்துவிட்டது என்று கத்தரிப்பதும் சுத்தத் தப்பு. 866 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீளம் சுமார் 8.7 சென்டிமீட்டர், அந்த நீளம் சும்மா அழகுக்கு வைத்ததில்லை.

அப்புறம் மூன்றாவதாக ஒரு போர்டு வாங்கி, விளையின் உச்சியில் இருக்கிற பாறையில், பழைய பிவிசி குழாய்க்குள் வைத்து, சின்ன சோலார் தகடோடு கம்பத்தில் ஏற்றினோம். அது இரண்டு பக்கமும் கேட்டுத் திருப்பிச் சொல்லும். அதன்பிறகு ஓடைக்கு அந்தப் பக்கம், பழைய கம்பி வேலி மூலை, அதற்கும் மேலே இரண்டரை கிலோமீட்டர் வரை பொன்னி தெரிகிறாள். மழை கொட்டும்போது குறைகிறது, நாய் பள்ளத்தில் படுத்துவிட்டால் விட்டு விட்டு வருகிறது, ஆனால் கடைசியாக எங்கே நின்றாள் என்பது கையில் இருக்கும். போன வாரம் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பன்றி வந்து நாய் பாய்ந்தபோது மருமகன் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அந்தால போவாண்டாம் மாமா, கொய்யா மரத்து மூட்டுலதான் நிக்கா." போனால் அங்கேதான் நின்றாள், வாயெல்லாம் சேறு.

மொத்தம் பதினெட்டாயிரத்துக்குப் பக்கத்தில் போய்விட்டது, இதில் செத்துப்போன போர்டும் சேர்த்தி. நாகர்கோவில், தக்கலை, குளச்சல் மாதிரி டவர் நெருங்கி இருக்கிற இடத்தில் நாய் வைத்திருப்பவர்களுக்கு 4ஜி சிம் பெட்டி போதும், பெட்டியை மேலே நிறுத்தி வையுங்கள், வேறொன்றும் வேண்டாம். மலையடிவாரத்துக்காரர்களுக்குச் சிம் பெட்டியை நான் சொல்லமாட்டேன், சாலிடரிங் தெரிந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் லோரா போங்கள், இல்லாவிட்டால் நல்ல வேலி போடுங்கள். நாயைத் தேடிப் போகிற சாக்கில் சரணாலய எல்லைக்குள் ராத்திரி கால் வைக்கவும் வேண்டாம், புள்ளி அந்தப் பக்கம் தெரிந்தால் வனத்துறைக்குச் சொல்லிவிட்டுப் போங்கள், நான் ஒரு தடவை அப்படித்தான் செய்தேன், ஒரு வாட்சர் கூடவே வந்தார்.

சிம் பெட்டி இப்போது குட்டன் கழுத்தில். அவன் வயதாகி முற்றத்தைத் தாண்டுவதில்லை, முழுக் கம்பி காட்டுகிறது.